மளிகைப் பையும் கிணற்றுச் சுவரும்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் நாற்பது பேருக்கு மளிகைப் பை கொடுத்தோம். ஐந்து கிலோ பொன்னி அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், சர்க்கரை, ரவை, கூடவே ஒரு சேலை அல்லது வேட்டி. பையின் மேல் சபையின் பெயரும், அதற்குக் கீழே 'மீகா 6:8' என்றும் அச்சிட்டிருந்தது. வசனத்தை முழுதாகப் போட இடமில்லை. பதினேழாவதாக வந்து பையை வாங்கியவர் எங்கள் சபையிலேயே வேலை செய்கிறவர். சர்ச்சைப் பெருக்குவார், பெஞ்சு துடைப்பார், மணி அடிப்பார், யாராவது இறந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவார். பதினான்கு வருடமாக இதைச் செய்கிறார். அவரை இந்தக் கட்டுரையில் அண்ணன் என்றே சொல்கிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அண்ணன் இரண்டு கைகளாலும் பையை வாங்கிக்கொண்டு பாஸ்டரைப் பார்த்து லேசாகக் குனிந்தார். போட்டோ எடுத்தவன் நான். வாட்ஸப் குழுவில் போட்டதும் அறுபது பேர் கைகூப்பினார்கள்.

அண்ணனின் மாதச் சம்பளம் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். காணிக்கையை க்யூஆர் கோடு மூலம் வாங்க ஏற்பாடு செய்து, சபையின் வரவு செலவை எக்ஸெல்லில் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான் என்பதால் இது எனக்குத் தெரியும். அதே ஷீட்டில் நான்கு வரி தள்ளி, பாட்டு வரிகளைக் காட்டுவதற்கு வாங்கிய எல்ஈடி திரை இருக்கிறது. நான்கு லட்சத்து எண்பதாயிரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, சம்பளத்தைப் பத்தி கமிட்டில ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேனுங்" என்று கேட்டிருந்தார். சொன்னேன். பொருளாளர் சிரித்தபடி, "அவருக்கு என்னங்க கொறை? வருசா வருசம் பை குடுக்கறோம். பொண்ணு கல்யாணத்துக்கு இருவதாயிரம் குடுத்தோம். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடுத்தோம்" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் மனத்தாழ்மையைப் பற்றி. யாருக்கான பிரசங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனும் கேட்டார். நானும் கேட்டேன், தலையாட்டினேன்.

இது எந்த ஊர், எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்ற சபைகளெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

மீகா 6:8 தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வரும் வசனம். கடவுள் மனிதனிடம் கேட்பது மூன்றே மூன்று: நியாயம் செய்வது, இரக்கத்தை விரும்புவது, கடவுளுக்கு முன்னால் தாழ்மையாக நடப்பது. கத்தோலிக்கர்கள் தாழ்ச்சி என்பார்கள், நாங்கள் தாழ்மை என்போம், பொருள் ஒன்றுதான். இந்த மூன்றையும் நாம் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பாருங்கள். இரக்கத்தை இருப்பவர்கள் எடுத்துக்கொண்டோம். தாழ்மையை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். நியாயத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அது கடவுள் கடைசி நாளில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று அவருடைய கணக்கிலேயே எழுதிவிட்டோம். ஆனால் வசனத்தில் முதலில் நிற்பது நியாயம்தான்.

காலண்டர்க்காரர்கள் எட்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று வசனம் தள்ளிப் போனால் அதே அதிகாரத்தில் குறைந்த மரக்காலும் கள்ளத் தராசும் வந்துவிடும். அளவில் ஏமாற்றுகிறவனை நான் சுத்தமானவன் என்று ஏற்பேனா என்று கடவுள் கேட்பார். மீகா எருசலேம்காரர் இல்லை. மோரேசேத் என்ற நாட்டுப்புற ஊரிலிருந்து வந்தவர், கிறிஸ்துவுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தையவர். புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வயல்களின் மேல் ஆசைப்பட்டுப் பிடுங்கிக்கொள்கிறவர்களையும், மூன்றாம் அதிகாரத்தில் லஞ்சத்துக்குத் தீர்ப்பும் கூலிக்கு உபதேசமும் விற்கிறவர்களையும் திட்டிவிட்டுத்தான் ஆறாம் அதிகாரத்துக்கு வருகிறார். நிலமும் தராசும் கூலியும் பற்றிய வழக்கின் நடுவில் வந்த ஒரு வாக்கியத்தை நாம் பிய்த்தெடுத்துத் துணிப்பையில் அச்சிட்டிருக்கிறோம்.

இன்னொன்று. நாம் 'இரக்கம்' என்று படிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் ஹெஸெத். மேலிருந்து கீழே பார்த்து உச்சுக்கொட்டுவதை அது குறிக்காது. உடன்படிக்கை செய்துகொண்ட இருவருக்கு நடுவில் இருக்கும் விசுவாசம், கைவிடாத தன்மை அது. பதினான்கு வருடம் உங்களுக்கு வேலை செய்தவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் உறவு இருக்கிறதல்லவா, அதற்கு உண்மையாக இருப்பது. அப்படிப் பார்த்தால் அண்ணனுக்குக் கொடுத்த பை ஹெஸெத்தில் சேராது. கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து ரிப்பன் கட்டிக் கொடுத்தது அது. கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுத்துவிடு என்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபின் நிருபம். இந்த இரண்டையும் துணிப்பையில் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

இனி சேந்தமங்கலத்துக்கு வருகிறேன். என் அம்மா ஊர் அது. நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், கொல்லிமலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். (கோப்பெருஞ்சிங்கனின் சேந்தமங்கலம் வேறு, அது உளுந்தூர்பேட்டைப் பக்கம். இலக்கிய நண்பர்கள் ஒவ்வொரு முறையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) சின்ன ஊர்தான். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவம் எந்தெந்த வழிகளில் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு முந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு விதமான கிறிஸ்தவம் வந்தது.

முதலில் வந்தவர் ராபர்ட் தெ நொபிலி. 1623இல் மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். மதுரை நாயக்கருக்குக் கீழே இருந்த ராமச்சந்திர நாயக்கர் அப்போது இங்கே ஆட்சி செய்தார். அவரை மரியாதையோடு வரவேற்று, கோயில் கட்ட இடமும் கொடுத்தார். நொபிலி அங்கிருந்து சேலம் போனார். காவி உடுத்திய, ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும் உண்கிற, தரையில் படுக்கிற இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை. தனிமனிதத் தாழ்மை என்று பார்த்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்க நம்மில் யாருக்கும் யோக்கியதை இல்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததையும் நான் மறுக்கவில்லை, ஞானோபதேசமும் ஆத்தும நிர்ணயமும் இல்லாமல் இன்று நான் எழுதும் வாக்கியமும் இப்படி இருந்திருக்காது.

ஆனால் அவர் சேந்தமங்கலம் வந்த அதே 1623இல், ஜனவரி மாதக் கடைசி நாளில், பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் ஆணை ஒன்று வெளியாகியிருந்தது. மதம் மாறிய பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. நொபிலி போராடி வாங்கிய ஆணை. சாதி என்பது சமூக வழக்கம், அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவருடைய வாதம். மதுரையில் அவருடைய ஆட்களுக்குத் தனிக் கோயில், மற்றவர்களுக்குத் தனிக் கோயில். 1640 வாக்கில் கீழே தள்ளப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்களே வந்துவிட்டார்கள். பிராமண சந்நியாசியாக இருக்கும் சாமியார் பறையர் வீட்டுக்குள் வெளிப்படையாகக் கால் வைக்க முடியாது. 1704இல் ரோமிலிருந்து வந்த தூதர் தெ தூர்னோன், புதுச்சேரியில் வைத்து வெளியிட்ட ஆணையில், சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குப் போய் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவையே எழுத வேண்டியிருந்தது. தூர்னோனும் நல்லெண்ணத்தால் மட்டும் வந்தவர் இல்லை, அந்த அரசியல் வேறு. ஆனாலும் அந்த ஒரு பிரிவு போதும். சாகிற மனிதனின் குடிசைக்குள் குனிந்து நுழைய வேண்டும் என்று துறவிக்குச் சட்டம் போட வேண்டி வந்தது. நாற்பது வருடம் இழுத்தடித்து 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் எட்டிய சமரசம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஏற்படுத்துவது. அநியாயத்தை ஒழிக்கச் சொன்னால் அநியாயத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட் திறந்தார்கள்.

இதை வைத்துக் கத்தோலிக்கர்களைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்க எனக்கு வழியில்லை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சீர்திருத்தச் சபையார் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முழுதாக விட வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, எதிர்த்து நின்றவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் இருந்தார். அவருடைய கீர்த்தனைகளைத்தான் நாங்கள் இன்றும் பாடுகிறோம், நானும்தான்.

அது முடிந்துபோன கதையும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பிய சுவரைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக எழுதியாகிவிட்டது. மேலே சொன்ன இன்னொரு சேந்தமங்கலம் போலவே உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கும் ஊர் எறையூர். 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி, அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். இரு பக்கமும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். 2025 பிப்ரவரியில், திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்குக் கோயிலில் தங்களுக்கு நடக்கும் பாகுபாட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கடவுளின் வீட்டில் சமமாக உட்கார உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் மதம் மாறிய தலித்துகள் பட்டியல் சாதி உரிமையை இழந்தார்கள். 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது திரும்பக் கிடைத்தது, கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது அநீதி என்று எல்லாச் சபைகளும் கறுப்புத் துணி கட்டிப் போராடுகின்றன. சரியான போராட்டம், நானும் போயிருக்கிறேன். ஆனால் அங்கே மைக்கில் நாம் சொல்லும் வாதம் என்ன? மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்பது. கொடுமை செய்கிறவர் யார் என்ற கேள்வியை அரசு கேட்காதவரை நமக்கு நிம்மதி. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்த அளவுக்காவது எழுதினார்களே என்று நான் மதிக்கிறேன். நாங்கள் அதையும் எழுதவில்லை.

இரண்டாவதாக வந்த கிறிஸ்தவம், சேந்தமங்கலத்தில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தது.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சின்ன ஆங்கிலேய மிஷனுக்கு இங்கே ஒரு நிலையம் இருந்தது. பெயரிலேயே 'ஸ்ட்ரிக்ட்' என்று வைத்துக்கொண்டவர்கள், கருத்தில் எவ்வளவு இறுக்கமாக இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த மிஷனில் வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, ஓவியம் கற்ற ஈவ்லின் ஹாரிஸை 1913இல் சேந்தமங்கலத்தில் மணந்தார். கல்யாணத்தன்றே இருவரும் மழையில் மலையேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் போகிறது, பாதி வழியில் வாந்தி எடுக்கிறோம். அன்று ரோடே கிடையாது.

பிராண்ட் தம்பதியைப் பற்றி எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மலையில் வருடக்கணக்காக யாரும் கிறிஸ்துவை ஏற்கவில்லை. எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி, காய்ச்சல் வந்து சாகும்போது தன் பெண் குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு மனங்கள் திறந்தன. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி மலையிலேயே கிழவியாகி, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். கதை முடிந்தது, காணிக்கைப் பாட்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் இரக்கமும் தாழ்மையும் மட்டும்தான் இருக்கின்றன. எங்கள் வாத்தியாரம்மா விட்டுவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய். புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் புழு உடம்புக்குள் ஒரு வருடம் வளர்ந்து, இரண்டு மூன்றடி நீளத்தில், பெரும்பாலும் கால் வழியாகக் கொப்புளமாக வெடித்து வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரில் காலை வைப்பான். அப்போது புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கும். இறங்கிப் போய் மொள்ளும் படிக்கிணறுகள் இதற்கு வசதியான இடம். வைத்தியம் ஒன்றுதான். வெளியே தெரியும் நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலை மலையாளிகளின் கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இந்தப் புழுக்களைச் சுற்றி எடுத்தார். சின்னப் பையனாக இருந்த பால் பிராண்ட் அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இதுவரை இரக்கம். அழுக்குக் காலைக் கையில் பிடித்ததால் தாழ்மை என்றும் சொல்லலாம். இதோடு நிறுத்தியிருந்தால் ஜெஸ்ஸிக்கு ஆயுள் முழுவதும் வேலை இருந்திருக்கும், மிஷனுக்கு அனுப்ப நல்ல நல்ல போட்டோக்களும் கிடைத்திருக்கும். அவர் கிணற்றுக்குப் போனார். யாரும் கால் வைத்து இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். என் தொழிலில் இந்த வித்தியாசம் தினமும் வரும். வாடிக்கையாளர் கூச்சலிட்டால் ஒரு பேட்ச் போட்டு டிக்கெட்டை மூடிவிடலாம், மாதக் கடைசியில் எத்தனை டிக்கெட் மூடினோம் என்ற எண்ணிக்கையும் அழகாக இருக்கும். பிழை எங்கே பிறக்கிறது என்று தேடிப் போகிறவனுக்கு எண்ணிக்கை ஏறாது. கிணற்றுச் சுவரைக் கட்டியவருக்கும் அப்படித்தான். வராத புழுவுக்காக யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. மலை ஜனங்களைக் கடனில் முக்கி எடுத்தவர்களுக்கும், அவர்களிடம் அடாவடியாகப் பிடுங்கிய கீழ்மட்டச் சிப்பந்திகளுக்கும் எதிராக அவர்களுக்காகப் பேசினார், மேலிடத்துக்கு எழுதினார். தச்சு வேலை, செங்கல், பயிர் என்று கீழே இறங்கிக் கைகட்டி நிற்கத் தேவையில்லாத பிழைப்புகளைக் கற்றுக்கொடுத்தார். சுவிசேஷம் சொல்ல வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று மிஷனில் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். எங்கள் கமிட்டியாக இருந்தால் நிச்சயம் முணுமுணுத்திருப்போம்.

ஈவ்லின் அம்மையாரின் தாழ்மையைப் பற்றியும் நமக்குத் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்பது பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அதே அம்மையார், வயதாகிவிட்டது, ஊர் திரும்பு என்று மிஷன் சொன்னபோது பணிந்து போகவில்லை. இன்னும் ஒரு தவணை சமவெளியில் வேலை செய்கிறேன் என்று கெஞ்சி வாங்கி, அந்தத் தவணை முடிந்த அன்று, உங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன், இனி என் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. இடுப்பு உடைந்த பிறகும், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும் மட்டக்குதிரையில் உட்கார்ந்தும் மலைமலையாகப் போனார். டாரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு அடங்காத ஒருவரை அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறோம். மீகா சொல்வது கடவுளுக்கு முன்னால் தாழ்மையாக நடப்பது. கமிட்டிக்கு முன்னால் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

மகனுக்கும் இதே பாடம் வேறு வழியில் வந்தது. பால் பிராண்ட் வேலூரில் 1940களின் கடைசியில் தசைநாண்களை மாற்றித் தைத்துக் கைகளைச் சரிசெய்தபோது, குணமான சிலர் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது, நிமிர்ந்த கைக்கு விழவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. அறுவை சிகிச்சை என்ற இரக்கம் அங்கே போய் முட்டி நின்றது. அவர்கள் தங்கித் தொழில் கற்க நவஜீவ நிலையம் அப்படித்தான் வந்தது.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் இந்நேரம் நெளிந்துகொண்டிருப்பார்கள். வெள்ளைக்கார மிஷனரிக்கு இவ்வளவு பாராட்டா, மதமாற்றத்துக்காகத்தானே இதெல்லாம் என்று. மதமாற்றம் பிராண்டின் நோக்கம்தான், அவர் அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஆள் சேராத வருடங்களிலும் அவர் புழுவைச் சுற்றி எடுத்தார். அவர் எழுதிய மனுவை அதிகாரிகள் படித்ததற்கு அவருடைய தோலின் நிறமும் ஒரு காரணம் என்பதும் உண்மை. ஒரு மலையாளி விவசாயி எழுதியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். அந்த ஆட்சியே அநியாயத்தின் மேல் நின்றது என்பதை அவர் எங்காவது முழுதாக எதிர்கொண்டாரா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். தன் தோலுக்குக் கிடைத்த காதுகளை அவர் பிறருக்காகச் செலவழித்தார், அவ்வளவுதான் என் வாதம். எனக்கு எக்ஸெல்லும் ஆங்கிலமும் கமிட்டியில் ஒரு நாற்காலியும் கிடைத்திருக்கின்றன. நான் அவற்றை எதற்குச் செலவழித்தேன் என்றால், போட்டோ எடுப்பதற்கு.

சபைக்குள்ளிருந்து வரும் எதிர்ப்பு வேறு மாதிரி. நியாயம் என்று பேச ஆரம்பித்தால் அரசியல் உள்ளே வந்துவிடும், நமக்கு ஆத்துமாக்கள்தான் முக்கியம் என்பார்கள். சொல்கிறவர்கள் பொய்யர்கள் இல்லை, உபவாசம் இருந்து ஜெபிக்கிறவர்கள், என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டில் சமைத்துப் போட்டவர்கள். அதனால்தான் அவர்களோடு சண்டை போடுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாயிரத்து ஐந்நூறு என்று தீர்மானம் போட்டதும் அரசியல்தானே? அதைப் போட்டபோது ஆத்துமா எங்கே போயிருந்தது? தாழ்மை என்பது இருப்பவன் தானாக எடுத்துக்கொள்ள வேண்டியது. இல்லாதவனுக்கு அதைப் பிரசங்கம் பண்ணும்போது அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொன்னால் பாஸ்டருக்குக் கோபம் வரும்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த ஊரில் அதே மாதிரி வேலைக்குக் கொடுக்கும் கூலியை மூன்று இடங்களில் விசாரித்து, அதில் குறைந்ததை எடுத்துக்கொண்டு, பதினான்கு வருடத்துக்கு வருடாவருடம் வித்தியாசத்தைக் கூட்டினேன். கொடுத்த பைகள், கல்யாணத்துக்கு இருபதாயிரம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் கழித்தேன். கழித்திருக்கக் கூடாது, ஆனால் பொருளாளர் அதைத்தான் முதலில் கேட்பார். அப்படியும் எல்ஈடி திரையின் விலையைவிட ஒரு லட்சத்து முப்பதாயிரம் அதிகமாக வந்தது. அண்ணனிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு வருமுங்களா தம்பி?"

"வருமுங்கண்ணா."

"பையையெல்லாம் எதுக்குக் கழிச்சீங்க? அது சாமி குடுத்ததுன்னுல்ல சொன்னாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எம்பேரு போட வேண்டாமுங். நான் கேட்டேன்னு இருக்க வேண்டாம். பொம்பளப் புள்ள மாமியார் வீடும் இதே சபை பாருங்க." அன்று சாயங்காலம் ஒரு அடக்கம் இருந்தது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரிக் கூட்டத்தில் தாளை வைத்தேன், என் பெயரில். பாஸ்டர் நிதானமாகப் படித்தார். ஒருவர் மட்டும், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, "இது நியாயந்தானுங்களே" என்றார். மற்றவர்கள் ஜெபத்தில் வைப்போம் என்றார்கள். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் என் தோளில் கை போட்டு, "தம்பி, இவ்வளவு படிச்சிருக்கீங்க, இன்னும் கொஞ்சம் தாழ்மை வேணும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு. அஜெண்டா நேற்று வாட்ஸப்பில் வந்தது. ஊழியர் ஊதியம் ஒன்பதாவது பொருள். எட்டாவது பொருள், இந்த வருடக் கிறிஸ்துமஸ் பைகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து அறுபதாக உயர்த்துவது.